நான் ஓட்டுதேன், அது காவல் இருக்கட்டும்

வண்டி ஓட்டுறதுன்னா எனக்கு அம்புட்டு பிடிக்கும். குடும்பத்துல ஒரு கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுன்னாலும் "வண்டிய யாரு எடுக்கா"ன்னு பேச்சு வாரதுக்கு முன்னாலயே சாவி எங்கையில இருக்கும். நடுராத்திரி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயி துபாய்ல இருந்து வார மச்சானக் கூட்டிட்டு வரணும்னாலும் நான் ரெடி, போகும்போது ஒரு டீ வரும்போது ஒரு டீ, வேற ஒண்ணும் வேண்டாம். அதனாலதான் இப்ப கொஞ்ச நாளா சேக்காளிக, சொந்தக்காரங்க எல்லாரும் எங்கிட்ட அந்தக் கேள்விய கேக்காங்க, டிரைவர் இல்லாத காரு வந்துட்டா நீ என்னலே செய்வன்னு. கூடவே போன்ல ஒரு வீடியோ, முன் சீட்டுல ஆளே கிடையாது, ஸ்டீயரிங் தன்னால சுத்துது, பின்னால ஒரு அம்மா சாஞ்சு உக்காந்து போன் பாத்துக்கிட்டே போறாங்க. ஒரு வார்த்தையில பதில் சொல்லுற விசயம் இல்ல இது, ரொம்ப நாளா மனசுல கிடக்கு, அதான் இங்க நீளமா எழுதுதேன்.

மொதல்ல ஒண்ணு. "அதெல்லாம் வராது"ன்னு சொல்லுற ஆளு நான் இல்ல. 2004ல அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சி அமைப்பு டார்பா, மொஜாவே பாலைவனத்துல ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வச்சாங்க, பரிசு 10 லட்சம் டாலர். ஒரு வண்டி கூட முடிக்கல. இருக்கதுலயே அதிகமா ஓடுன வண்டி 12 கிலோமீட்டர் கூட போகல, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில கிளம்புனா கங்கைகொண்டான் போய்ச் சேருறதுக்குள்ள நின்னு போற தூரம். அடுத்த வருசமே, 2005ல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட ஸ்டான்லிங்கிற வண்டி 212 கிலோமீட்டரையும் 7 மணி நேரத்துக்குள்ள ஓடி முடிச்சு ஜெயிச்சிருச்சு, இன்னும் 4 வண்டி முழுசா முடிச்சுது. 2009ல கூகுள் கையில எடுத்தாங்க, 2016ல அது வேமோன்னு தனிக் கம்பெனியாச்சு, 2020ல அரிசோனாவுல பீனிக்ஸ் ஊருல டிரைவரே இல்லாம பொதுமக்கள ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிச்சிட்டு. 2025க்குள்ள டிரைவர் இல்லாம ஓடுன தூரம் மட்டும் 10 கோடி மைலத் தாண்டியாச்சு. இதுக்கு மேலயும் வராதுன்னு சொன்னா அது பிடிவாதம்தான்.

நம்ம நாட்டுல மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017லயே சொல்லிட்டாரு, டிரைவர் இல்லாத வண்டிய இங்க விட மாட்டோம்னு, அவ்ளோ பேரு டிரைவர் வேலைய நம்பி இருக்காங்கன்னு காரணமும் சொன்னாரு, 2023லயும் அதையே திருப்பிச் சொன்னாரு. அது நியாயமான கவலைதான். ஆனா நான் எழுத வந்தது பொழப்புக்கு ஓட்டுறவங்களப் பத்தி மட்டும் இல்ல, ஓட்டப் பிடிச்சதால ஓட்டுறவங்களப் பத்தியும்தான். ரெண்டும் ஒரே ஆளா இருக்கதும் உண்டு, எங்க மாமா மாதிரி. அவங்களப் பத்தி பொறவு வாரேன்.

இந்தப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க "குறுக்க மாடு வந்தா என்ன செய்யுமாம்"னு கேட்டு சிரிக்காங்க. மாடு அதுக்கு பிரச்சினையே இல்லய்யா. வண்டி மேல லைடார்னு ஒண்ணு வச்சிருக்கான், அது நாலாபக்கமும் லேசர் ஒளிய வீசி, திரும்பி வார நேரத்தக் கணக்குப் பண்ணி எது எவ்ளோ தூரத்துல நிக்குதுன்னு வரைஞ்சு வச்சுக்கிடும், கும்மிருட்டுலயும். நமக்கு ஹெட்லைட் வெளிச்சத்துல விழுந்தாதான் கருத்த மாடு தெரியும், அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும். மெஷினுக்குக் கஷ்டம் வேற இடத்துல இருக்கு, நம்ம ரோட்டுல பாதி வண்டியோட்டம் பேச்சுவார்த்தை, அதுதான் கஷ்டம்.

நாலுவழிச்சாலைய விட்டுட்டு ரெண்டு வழி ரோட்டுல ராத்திரி ஒரு லாரிக்குப் பின்னால போய்ப் பாருங்க. லாரிக்காரர் ரைட் இண்டிகேட்டர் போடுவாரு. அவரு வலது பக்கம் திரும்பப் போறாரா, "நீ ரைட்டுல ஏறிப் போ"ங்காரா, "எதுக்க வண்டி வருது, ஏறாத"ங்காரா? மூணுக்கும் அதே இண்டிகேட்டர்தான், ஆளுக்கு ஆளு மாறும். லெஃப்ட் போட்டு வழி விடுறவங்களும் உண்டு. அப்ப எப்படித்தான் தெரியும்னா, லாரியோட பின் சக்கரத்தப் பாக்கணும். வழி விடுறவரு இண்டிகேட்டரோட சேத்து வண்டிய லேசா இடது ஓரத்துக்கு அணைப்பாரு, சக்கரம் வெள்ளக் கோட்டத் தொடும், ஆக்சிலரேட்டர்ல கால் எடுத்தது சத்தத்துலயே தெரியும். வராதன்னு சொல்லுறவரு வண்டிய நடுவுலயே வச்சிருப்பாரு. திரும்பப் போறவருன்னா பிரேக் லைட் விட்டு விட்டு எரியும், பக்கத்துல மண் ரோடோ பெட்ரோல் பங்க்கோ இருக்கும். இத்தனையும் ரெண்டு மூணு செகண்டுல பாத்து முடிவெடுத்து, தாண்டிப் போனதும் ஒரு சின்ன ஆரன் அடிச்சு நன்றி சொல்லிட்டுப் போறோம். அந்த ஆரனுக்கு அவரு ஒருக்கா ஹெட்லைட்ட டிம் பண்ணுவாரு பாருங்க, முகமே தெரியாத ஒரு மனுசனோட அப்படி ஒரு பேச்சு. எனக்கு ஓட்டுறதுல பிடிச்சதே இந்த இடந்தான், ஸ்பீடு இல்ல.

இன்னொண்ணு காத்து. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வார காத்து எப்படின்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், அந்தக் காத்த நம்பித்தான் முப்பந்தல்ல அத்தன காத்தாடி நிக்கி. நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு என்எச் 44ல வாரோம்னு வைங்க, காவல்கிணறு தாண்டி பணகுடி பக்கம். காத்து மேக்க இருந்து, அதாவது நமக்கு இடது கைப்பக்கம் இருந்து அடிக்கி. நாம ஸ்டீயரிங்க இடது பக்கம் ஒரு இழை பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டணும், அப்பதான் வண்டி நேராப் போகும். இப்ப ஒரு கண்டெய்னர ஓவர்டேக் பண்ணுதோம். லாரிக்கு வலது பக்கம் போனதும் லாரி காத்த மறைச்சிரும், சட்டுனு காத்தே இல்ல, பிடிச்ச பிடியில இருந்தா வண்டி லாரியப் பாத்துச் சாயும், அதனால பிடிய விடணும். அப்பறம் லாரியோட கேபினத் தாண்டி மூக்கு வெளிய வந்ததும் மொத்தக் காத்தும் ஒரே அறையா அறையும், வண்டிய நடுத்திட்டு பக்கம் தள்ளும். தெரிஞ்சவன் அந்த அறை விழுறதுக்கு அரை நொடி முன்னாலயே கைய இறுக்கிருவான். பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, பேசிக்கிட்டே வருவாங்க. அவங்களுக்குத் தெரியாமப் போறதுதான் எனக்கு சந்தோசம்.

மெஷின் இதைப் பழகாதான்னு கேட்டா, பழகும். காத்த சமாளிக்கிறதுல மனுசன விட வேகமாவே பழகும், அது வெறும் கணக்குதான். இண்டிகேட்டர் பாசையும் ஒரு நாளு பழகலாம். போபால்ல ஸ்வாயத் ரோபோட்ஸ்னு ஒரு கம்பெனி, நம்ம இந்திய ரோட்டுக்குன்னே பொலேரோ வண்டிய வச்சு இந்த வேலைய செஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா கயத்தாறு, எட்டயபுரம் பக்கம் மாசி பங்குனியில உளுந்தையும் சோளத்தையும் அப்படியே ரோட்டுல விரிச்சுப் போட்டிருப்பாங்களே, வண்டி டயர் ஏறி மிதிச்சாத்தான் மணி உதிரும்னு. பாட்டிமார் கம்பால தட்டிக்கிட்டு "வா வா, மேல ஏத்திப் போ"ன்னு கையக் காட்டுவாங்க. வெளியூர்க்காரன் பயந்து ஒதுங்குவான், நம்மாளு நிதானமா நடுவுல ஏத்திட்டுப் போவான், அதுலயும் காஞ்ச செத்தை சைலன்சர் சூட்டுல பிடிச்சிரக் கூடாதேன்னு நடுவுல நிறுத்தாமப் போவான். தடங்கல்னு நிக்கிற மெஷினுக்கு இத யாரு சொல்லிக் குடுப்பா? ஓட்டப் பிடிச்சவங்கதான் சொல்லிக் குடுக்கணும். அந்த வேலைக்குக் கூப்பிட்டா நான் சம்பளம் இல்லாமலே போவேன்.

சரி, அப்ப மெஷின் வேணுமா வேண்டாமா. வேணும். நல்லாவே வேணும். 2022ல மட்டும் இந்தியாவுல ரோட்டுல செத்துப் போனவங்க 1,68,491 பேரு, தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேரு, இது மத்திய அரசே போட்ட கணக்கு. அந்த எண்ண நான் வாசிச்சிட்டு சும்மா கடந்து போக முடியல. ஓட்டுறது எனக்கு சந்தோசம்ங்கிறதுக்காக இத்தனை உசுரப் பத்தி பேசாம இருக்க முடியுமா? கார்த்திகை மார்கழி மாசத்துல சபரிமலை போயிட்டுத் திரும்புற வேன்கள புளியரை இறக்கத்துல பாத்திருக்கேன். ரெண்டு ராத்திரி தூங்காத டிரைவர், அடுத்து குத்தாலம், அதுக்கடுத்து திருச்செந்தூர்னு பிளான் போட்டு நெருக்குற கூட்டம், உள்ள பூரா தூங்குற பிள்ளைங்க. அந்த டிரைவருக்கு அன்னைக்கு ஓட்டுறதுல ஒரு சந்தோசமும் இருந்திருக்காது. ரோட்டுல ஓட்டுற எல்லாருக்கும் ஓட்டப் பிடிக்கும்னு நாம நினைச்சுக்கிடக் கூடாது. பாதிப்பேரு வேற வழியில்லாம ஓட்டுதாங்க, அலுப்போட ஓட்டுதாங்க, போனப் பாத்துக்கிட்டு ஓட்டுதாங்க. அவங்க கையில இருந்து ஸ்டீயரிங்க ஒரு நல்ல மெஷின் வாங்கிக்கிட்டா எனக்கு வருத்தமே கிடையாது, ஓட்டப் பிடிச்சவனுக்கும் ரோடு பத்திரமாகும்.

என் பயம் வேற. முழுசா ஓட்டுற மெஷினப் பாத்து நான் பயப்படல, பாதி ஓட்டுற மெஷினப் பாத்துத்தான் பயப்படுதேன்.

எஸ்ஏஇன்னு ஒரு என்ஜினியர்கள் அமைப்பு 2014ல இதுக்கு லெவல் பிரிச்சு வச்சாங்க, 0ல இருந்து 5 வரைக்கும். லெவல் 2ன்னா வண்டியே ஸ்டீயரிங்கும் பிடிக்கும், பிரேக்கும் போடும், ஆனா பொறுப்பு பூரா நம்மளுது, கண்ண எடுக்கக் கூடாது. லெவல் 3ன்னா சில ரோட்டுல சில நேரத்துல வண்டியே ஓட்டிக்கிடும், நாம வேற வேலை பாக்கலாம், ஆனா அது கூப்பிட்டதும் வாங்கிக்கிடணும். 2022ல ஜெர்மனியில மெர்சிடிஸ் இதை விக்க ஆரம்பிச்சாங்க, வண்டி கூப்பிட்டா 10 வினாடிக்குள்ள நாம பிடிக்கணும். லெவல் 4ன்னா குறிப்பிட்ட ஊரு எல்லைக்குள்ள ஆளே வேண்டாம், வேமோ அதுதான். லெவல் 5, எங்கயும் எப்பவும், அது இன்னும் எங்கயும் வரல.

இந்த 2ம் 3ம் இருக்கு பாருங்க, அங்கதான் நம்மள டிரைவர் சீட்டுல இருந்து இறக்காம டிரைவர் வேலைய மட்டும் பிடுங்கிட்டு காவக்காரனா உக்கார வைக்காங்க. நம்ம ஊருலயும் இப்ப நிறைய வண்டியில அடாஸ்னு, ஓட்டுறவங்களுக்குத் துணை செய்யுற கருவி வந்தாச்சு. சொந்தக்காரர் ஒருத்தரோட புது வண்டிய நாங்குநேரியில இருந்து வள்ளியூர் வரைக்கும் எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு ஓட்டிப் பாத்தேன். ரோடு நல்லா இருக்கு, கோடு பளிச்சுன்னு இருக்கு, வண்டி தன்னால முன்வண்டிக்கு இடைவெளி விட்டு கோட்டுக்குள்ளயே போகுது. மொதல்ல ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல ஒண்ணு கவனிச்சேன், என் கண்ணு ரோட்டுல இருக்கு ஆனா நான் ரோட்ட பாக்கல. வழக்கமா தூரத்துல ஒரு டிவிஎஸ் 50 சைடு ரோட்டுல வந்து நின்னா அவரு தலைய திருப்புதாரா இல்லையான்னு பாப்பேன், திருப்பலன்னா காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும். அன்னைக்கு அப்படி ஒருத்தரு நின்னாரு, அவரத் தாண்டுன பொறவுதான் அவரு நின்னதே மனசுல பட்டுச்சு. கை வேலை செய்யலன்னா கண்ணும் வேலை செய்ய மாட்டேங்கு. ஆஃப் பண்ணிட்டு மிச்ச தூரத்த நானே ஓட்டுனேன்.

இது என் ஒருத்தன் கதை இல்ல. 2018 மார்ச்சுல அமெரிக்காவுல டெம்பிங்கிற ஊருல ஊபரோட சோதனை வண்டி ஒரு பொம்பளைய அடிச்சுக் கொன்னுருச்சே, உலகத்துலயே தன்னால ஓடுற வண்டி அடிச்சு செத்த மொத பாதசாரி அவங்கதான். ராத்திரி நேரம், அவங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் குறுக்க கடந்தாங்க. விபத்த விசாரிச்ச அமெரிக்க அரசு அமைப்பு பொறவு சொன்னத வாசிச்சா வயித்தக் கலக்கும். வண்டி அவங்கள 5.6 வினாடிக்கு முன்னாலயே பாத்துட்டு, அந்த வேகத்துக்கு அது கிட்டத்தட்ட 100 மீட்டர் தூரம், தாராளமா நிறுத்தலாம். ஆனா இது வண்டியா, சைக்கிளா, வேற ஏதுமான்னு மாத்தி மாத்திப் பேரு வச்சுக்கிட்டே வந்திருக்கு, ஒவ்வொரு தடவ பேரு மாறும்போதும் அது அதுவரைக்கும் எந்தப் பக்கமா நகந்துச்சுங்கிற கணக்க விட்டுட்டு புதுசா ஆரம்பிச்சிருக்கு. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்துல மனுசன் ரோட்டக் கடப்பாங்கிறதே அந்த புரோகிராம்ல கிடையாது. காவலுக்கு டிரைவர் சீட்டுல ஒரு ஆளு இருந்தாங்க, அவங்க போனப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில கிரிமினல் கேசு அந்தக் காவல் ஆளு மேலதான், 2023ல 3 வருசம் கண்காணிப்புத் தண்டனை. கம்பெனி மேல கிரிமினல் கேசு கிடையாது.

சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் கடக்குறது! அம்பாசமுத்திரம் ரோட்டுல வாழைத்தார் கட்டுன சைக்கிளத் தள்ளிக்கிட்டு கடக்குறவங்கள ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்கோம். தைப்பூசத்துக்கு திருச்செந்தூர் ரோட்டுல பச்சை வேட்டி கட்டிக்கிட்டு ராத்திரி பூரா நடந்து போறாங்களே, பாத்ததும் நாமளா லைட்ட டிம் பண்ணி காலத் தளர்த்துதோமே. அந்த ரோட்டுல, தன்னால ஓடுற வண்டிக்குள்ள, அலுத்துப் போன ஒரு காவக்காரன் உக்காந்திருந்தா என்னாகும்?

மனுசன் எதுவும் செய்யாம பாத்துக்கிட்டே மட்டும் இருக்கதுக்குப் படைக்கப்படல. விமானிகளுக்கே இந்தக் கதிதான். 2013ல அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏ எல்லா விமானக் கம்பெனிக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க, ஆட்டோபைலட்டயே நம்பிக்கிட்டு இருந்தா கையால ஓட்டுற திறமை மங்கிருது, அதனால வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் விமானிகள கையால ஓட்ட விடுங்கன்னு. அத்தன பயிற்சி எடுத்தவங்களுக்கே அப்படின்னா, லைசன்சு எடுத்ததோட பயிற்சிய மறந்துட்ட நமக்கு? வருசக் கணக்கா வண்டியே ஓட்டி, திடீர்னு ஒரு மழை நாளுல, கோடு தெரியாத இடத்துல, "இந்தா நீ பிடி"ன்னு குடுத்தா 10 வினாடியில என்ன செஞ்சிர முடியும்? இருக்கதுலயே கஷ்டமான நேரத்துல, பழக்கம் விட்டுப் போன ஆளுகிட்ட ஸ்டீயரிங்கக் குடுக்குறது எந்த ஊரு நியாயம்.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான், ஆள மாத்திப் போடுங்க. நான் ஓட்டுதேன், மெஷின் காவல் இருக்கட்டும். அலுக்காம, கண்ண இமைக்காம, நாலு பக்கமும் ஒரே நேரத்துல பாக்குறது மெஷினுக்கு சுளுவான வேலை, நமக்கு முடியாத வேலை. ரோட்டுல இருக்க மனுசனோட மனசப் படிச்சு அதுக்கேத்த மாதிரி நடந்துக்கிடுறது நமக்கு சுளுவு, அதுக்குக் கஷ்டம். அப்ப யாரு எந்த வேலையப் பாக்கணும்? நான் கண்ணசந்தா பீப் அடிச்சு எழுப்பட்டும். சைடு மிரர்ல தெரியாத பைக்க எனக்குச் சொல்லட்டும். நான் பிரேக் போடத் தவறுனா அது போடட்டும். பெரிய பஸ்ஸு, லாரிக்கெல்லாம் தானா பிரேக் போடுறதையும் தூக்கம் வந்தா எச்சரிக்கிறதையும் கட்டாயமாக்க மத்திய அரசு 2025ல ஒரு வரைவு விதி போட்டாங்க, எனக்கு அதுல முழு சம்மதம், சீக்கிரம் வரணும், அந்த ஐயப்ப பக்தர் வேனுக்கும் வரணும். அப்பறம் எங்க முழுசா மெஷின் ஓட்ட முடியுமோ அங்க முழுசா ஓட்டட்டும், சீட்டுல ஒரு ஆள உக்கார வச்சு தப்பு நடந்தா அவன் தலையில போடுற வேலை வேண்டாம்.

எங்க மாமாவப் பத்தி சொல்லுதேன்னேன்லா. தாய்மாமா, லாரி ஓட்டுனவங்க. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி ஏத்தி, செங்கோட்டை புளியரை வழியா புனலூர், கொல்லம்னு அவங்க வாழ்க்கையே அந்த ரோடுதான். புளியரை எஸ் வளைவுல எத்தனையோ வண்டி கவுந்திருக்கு, மாமா வண்டி ஒரு நாளும் கவுந்ததில்ல. எனக்கு மலை ரோடு பழக்குனது அவங்கதான். "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குனா டிரம் சூடாகி கடைசி வளைவுல பிடிக்காது. இறக்கத்துல வண்டிய எஞ்சின்தான் பிடிக்கணும், காலு இல்ல"ன்னு சொல்லுவாங்க. ஏறி வார வண்டிக்குத்தான் வழி விடணும்ங்கிறது இப்ப 2017ல போட்ட டிரைவிங் விதியிலயே இருக்கு, மாமா அத எனக்கு எப்பவோ சொல்லிக் குடுத்தாச்சு.

இப்ப மாமாவுக்குக் கண்ணுல பிரஷர், ஓரப் பார்வை சுருங்கிட்டு, டாக்டர் ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. கார் சாவியத் தாங்கையாலயே எடுத்து மகன்கிட்ட குடுத்துட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. ஓட்டப் பிடிச்சவனுக்கு டிரைவர் இல்லாத காரு எதிரின்னு நினைக்கிறவங்க மாமாவோட ஒரு நாளு இருந்து பாக்கணும். தென்காசிக்கு ஒரு வேலையாப் போகணும்னா மகன் லீவுக்குக் காத்திருக்கணும், இல்லன்னா பஸ்ல ஏறி ஊருப் பேரு போர்டு தெரியாம பக்கத்துல உள்ளவங்களக் கேட்டுக் கேட்டு இறங்கணும். நான் ஒரு நாளு கேட்டேன், "மாமா, டிரைவர் இல்லாம தன்னால ஓடுற காரு வந்தா ஏறுவீங்களா?"

"ஏறாம என்ன மருமவனே. முன் சீட்டுலதான் உக்காருவேன். ஆனா புளியரை இறக்கத்துல அது எப்படி இறங்கும், எஞ்சின் பிடிக்குமா, பிரேக்குலயே இறங்குமா?"

"அது கரண்ட் வண்டியா இருக்கும் மாமா. ஆக்சிலரேட்டர விட்டா மோட்டாரே வண்டியப் பிடிச்சுக்கிடும், இறங்க இறங்க பேட்டரியும் சார்ஜ் ஏறும்."

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப மேல இருந்து கிளம்பும்போதே பேட்டரி ஃபுல்லா இருந்தா?"

பாருங்க, அந்தக் கேள்வி! பேட்டரி நிறைஞ்சிருந்தா மோட்டார் பிடிக்கிறது குறைஞ்சிரும்ங்கிறது உண்மை, கரண்ட் வண்டி செய்யிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், அப்ப பிரேக்கு கூட வேலை பாக்கணும். கரண்ட் வண்டிய தொட்டே பாக்காத மனுசன், வளைவையும் இறக்கத்தையும் மட்டும் வச்சுக்கிட்டு அந்த இடத்துக்குப் போயிட்டாங்க. இப்படிப்பட்ட ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. மாஞ்சோலைக்கு மேல ஊத்து வரைக்கும் போற கவர்மெண்ட் பஸ் டிரைவர்கள பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அந்தக் குறுகுன ரோட்டுல, ஒரு பக்கம் பள்ளம், வளைவுக்கு முன்னால ஒரு ஆரன் அடிச்சிட்டு எதிர்ச்சத்தம் வருதான்னு காத நீட்டிக் கேட்டுட்டு அப்பறம்தான் திருப்புவாங்க. இந்த அறிவு எந்தப் புத்தகத்துலயும் எழுதி வைக்கல. மெஷின் வாரதுக்கு முன்னால யாராவது இதையெல்லாம் கேட்டு எழுதி வைக்கணும்னு நான் ரொம்பவே ஆசப்படுதேன். மெஷினுக்கும் உதவும், பொறவு வார பிள்ளைகளுக்கும் உதவும்.

ஓட்டுற ஆசை அழிஞ்சிருமோங்கிற பயம் எனக்குப் பெருசா இல்ல. 2014ல செலிரியோவுல கிளட்ச் இல்லாத ஏஎம்டி கியர் வந்தப்ப இனி டிரைவிங்கே செத்துச்சுன்னு நாங்க எல்லாரும் பேசினோம். என்ன ஆச்சு, டவுன்ல ரதவீதி நெரிசல்ல இடது காலு வலி இல்லாம வீடு வந்து சேருறாங்க, அவ்ளோதான். கல்லிடைக்குறிச்சி பக்கம் கன்னடியன் கால்வாய் கூடவே போற ரோட்டுல காலையில ஓட்டுற சுகம் அப்படியேதான் இருக்கு, அதுல கியர் மாத்தி ஓட்டுறவங்க இன்னும் மாத்தி ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க. ஒரே ஒரு விசயம்தான் கவலை, என்னைக்காவது இன்சூரன்ஸ் கம்பெனியும் சட்டமும் சேந்து, கையால ஓட்டுறவன் கூட பணம் கட்டுன்னு சொல்லிரக் கூடாது. சொன்னாலும் சொல்லுவாங்க. அப்ப ஓட்டப் பிடிச்சவங்க நாம சத்தமாப் பேசணும், பேசுறதுக்குத் தகுதியா ஒழுங்கா ஓட்டவும் செய்யணும், குடிச்சிட்டு ஓட்டுறதையும் ரீல்ஸுக்காக முறுக்குறதையும் நாமளே கண்டிக்கணும்.

தங்கச்சி மகளுக்கு போன மாசம் 18 ஆச்சு. டிரைவிங் பழகுலா மருமவளேன்னா, "எதுக்கு மாமா, எனக்கு வேலை கிடைச்சு கார் வாங்குறதுக்குள்ள எல்லாம் தன்னால ஓடும்லா"ன்னா. நான் பெரிய விளக்கமெல்லாம் குடுக்கல. "ஓடட்டும், அது தப்பா ஓட்டுனா தப்புன்னு உனக்குத் தெரியணும்லா"ன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு சரின்னுட்டா. எல்எல்ஆர் கைக்கு வந்துட்டு. வார ஞாயித்துக்கிழமை காலையில வெயிலுக்கு முன்னால முக்கூடல் ரோட்டுல ஆரம்பிக்கோம். என் பழைய மேனுவல் வண்டிதான். மாமாவும் வாரேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க பின் சீட்டுல உக்காந்து கியர் சத்தம் கேப்பாங்களாம்.